பஞ்சு பிடித்த நோன்பு

முயல் அழாது. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். முயலின் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தால் அது அழுகையும் இல்லை, கண்ணூறும் இல்லை, வளர்த்தவளைப் பிரிந்த கவலையும் இல்லை. உள்ளே ஒரு குழாய் அடைத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். இந்த ஒரு விஷயத்தை எங்கள் ஊரில் யாராவது ஒருவர் எனக்குச் சொல்லியிருந்தால், பெருநாள் தையலை எல்லாம் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, ஒரு கூடையோடு மலைநாட்டுக்கு பஸ் ஏறி நான் பட்ட பாட்டில் பாதி குறைந்திருக்கும். இப்போது கல்முனைப் பக்கத்திலும் வீட்டுக்கு வீடு முயல் வளர்க்கிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். கோபத்தோடு எழுதுகிறேன் என்பது வாசிக்கும்போதே தெரியும், அதை மறைக்க நான் முயற்சி செய்யப்போவதில்லை.

பஞ்சு என்னுடைய முயல் அல்ல. என் தங்கை சபீனாவுடையது. அவள் கத்தாரில் வேலை செய்யும் தன் கணவரிடம் போனபோது, வெள்ளைவெளேரென்று துடைத்துச் சீவிய முயலைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

"ராத்தா, இது அமானிதம்" என்றாள்.

எங்களிடையே இது சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகும் சொல் அல்ல. நம்பி ஒப்படைத்த பொருளைக் கொடுத்த மாதிரியே திருப்பிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுமையில் பதில் சொல்ல வேண்டும். நகை, காணி உறுதிப் பத்திரம் என்று எத்தனையோ அமானிதங்களை எங்கள் குடும்பத்துப் பெண்கள் காத்திருக்கிறார்கள். ஆனால் நகைக்குக் கண்ணில் தண்ணீர் வடியாது.

வந்து கொஞ்ச நாளிலேயே வலது கண் ஈரமாக இருப்பதைக் கண்டேன். துடைத்தேன். மறுபடி ஈரம். கண்ணுக்குக் கீழே மயிர் ஒட்டிக் கயிறு மாதிரித் திரிந்தது, பிறகு உதிர்ந்து தோல் சிவந்தது. சபீனா பின்னேரங்களில் வீடியோவில் கூப்பிடுவாள். நான் முகத்தை நன்றாகத் துடைத்துவிட்டு, இடது பக்கம் தெரியும்படி பஞ்சுவைப் பிடித்துக் காட்டுவேன். "என்ட கிளி" என்று அவள் திரையில் முத்தம் கொடுப்பாள். நான் மறுபக்கம் வடிவதை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு சிரிப்பேன்.

வைத்தியம் சொல்லாத ஆள் இல்லை. பக்கத்து வளவு ஹலீமா சாச்சி வந்து பார்த்து, "இது கண்ணூறுதான்கா. இம்புட்டு வெள்ளையா இரிந்தா ஆர்தான் பாக்காம இரிப்பாங்க" என்று தண்ணீர் ஓதிக் கொண்டுவந்தார். இன்னொருத்தி ஆறிய தேயிலைச் சாயத்தால் கழுவு என்றாள். பார்மசியில் வேலை செய்யும் ஒருவர், பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அன்டிபயோட்டிக் பாணி மருந்தைத் தந்து அரைக் கரண்டி கொடுக்கச் சொன்னார். நல்லவேளை, அதை மட்டும் நான் கொடுக்கவில்லை. நமக்குச் சாதாரணமான சில அன்டிபயோட்டிக் மருந்துகள் வாய்வழியாகப் போனால் முயலின் குடலைக் கெடுத்து ஆளையே கொன்றுவிடும் என்று பிற்பாடுதான் தெரிந்தது. அதைத் தந்தவருக்குத் தெரியாது, வாங்கிக்கொண்டு வந்த எனக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்வதற்கு மட்டும் எங்கள் ஊரில் யாருக்கும் வாய் வருவதில்லை.

அப்படியிருக்கும்போதுதான் ரமழான் நோன்பு பிறந்தது.

மற்ற நாட்களில் எங்கள் வீட்டில் காலையில் பேக்கரியில் பாண் வாங்குவோம். பஞ்சுவுக்கும் ஒரு துண்டைப் பிய்த்துத் தண்ணீரில் நனைத்து வைப்போம். சபீனாவும் பாணும் பிஸ்கட்டும் கொடுத்துத்தான் வளர்த்தாள். நோன்பு காலத்தில் பகலில் அடுப்புமில்லை, பாணுமில்லை. கூட்டில் புல்லும், கரட் துண்டும், கடையில் விற்கும் முயல் தீனியும் மட்டும் கிடந்தன. பஞ்சு அவற்றைத் தொடவில்லை. பகல் முழுக்க ஒரு மூலையில் குறுகி உட்கார்ந்திருந்தது. பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லி, நாங்கள் பள்ளிவாசல் கஞ்சியைக் கோப்பையில் ஊற்றியதும் ஓடி வந்து காலைச் சுரண்டியது. கஞ்சியில் நனைத்த பாணை வைத்தால் நக்கி நக்கித் தின்றது.

என் வீட்டுக்காரருக்கு அதைப் பார்த்ததும் சந்தோஷம் தாங்கவில்லை.

"இஞ்ச பாருகா. பஞ்சுவும் நோம்பு பிடிச்சிரிக்கி" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் எல்லாவற்றையும் கெடுத்தது. நானும் சிரித்தேன். அவர் வீடியோ எடுத்துக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டார். மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ் என்று வந்து குவிந்தது. அடுத்த நாள் பின்னேரம் ஹலீமா சாச்சி தன் மருமகளோடு வந்தார். அதற்கடுத்த நாள் யாரென்றே தெரியாத இரண்டு குடும்பம் வந்தது. முயல் பாங்குக்குக் காத்திருப்பதைப் பார்க்க வேண்டுமாம். நோன்பு திறக்கும் முன் கையேந்தி துஆ கேட்கும் நேரம் பஞ்சுவின் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்ததைக் கண்டு ஒரு மனுசி தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வாயில்லாச் சீவன் அழுகுது. நமக்குத்தான் கல்லு மனசு" என்றார்.

என் தலைக்கு மேலே பெருநாளுக்குத் தைத்துக் கொடுக்க எடுத்த அபாயாத் துணிகள் தைக்காமல் தொங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு பின்னேரமும் வந்தவர்களுக்கு ஈச்சம்பழம் நீட்டிக்கொண்டு, இந்த முயலுக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்லையே என்று எரிச்சல்பட்டேன். எரிச்சல்பட வேண்டிய இடம் அதுவல்ல என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஒரு நாள் கூட்டைக் கழுவப் பஞ்சுவைத் தூக்கியபோது கையில் பாரமே தெரியவில்லை. மயிருக்குள்ளே எலும்புதான் இருந்தது. நாடியின் கீழே எச்சில் ஊறி நனைந்திருந்தது. வலது கண்ணை மெல்ல அழுத்தியதும் தண்ணீர் வரவில்லை, வெள்ளையாகச் சீழ் வந்தது. அமானிதம் என் கைக்குள்ளேயே கரைந்துகொண்டிருந்திருக்கிறது.

கால்நடை வைத்தியரிடம் ஓடினேன். மாடும் ஆடும் கோழியும் பார்க்கிற இளம் டொக்டர். இரண்டு வாரம் முன்பு கண்ணுக்குச் சொட்டு மருந்து தந்தவரும் அவர்தான்.

"அக்கா, ஒளிக்காமச் சொல்றன். நான் முசல் பாத்தது குறைவு" என்றார். "சொட்டு மருந்துக்கு இது கேக்கல்ல. கண்ணீர் போற பாதையைக் கழுவணும். எக்ஸ்ரே எடுக்கணும். இஞ்ச அதுக்கு வசதியில்ல. கண்டிப் பக்கம் கொண்டு போங்க."

தெரியாது என்று சொன்ன முதல் மனிதர் அவர். அவர் மீது மட்டும் எனக்குக் கோபமே வரவில்லை.

வீட்டுக்காரருக்கு அது வேளாண்மை வெட்டுகிற காலம். அறுவடை மெஷின் வயலில் நின்றது, அவரால் நகர முடியாது. நெல் வாங்கும் ஒரு முதலாளிக்குப் போன் பண்ணி, கண்டிக்கு அருகில் இருக்கும் அவருடைய வீட்டில் எனக்கு ஒரு அறை கேட்டு வைத்தார். பஞ்சுவைப் பழக்கூடைக்குள் வைத்து, மேலே ஷோலைக் கட்டி, விடியற்காலை பஸ்ஸில் ஏறினேன். பயணத்தில் நோன்பை விடலாம், அனுமதி இருக்கிறது. நான் விடவில்லை. பக்தியால் என்று சொன்னால் பொய். ஒரு வீம்புதான். மகியங்கனைக்கு மேலே வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப, பின்சீட்டுக்காரர் கூடைக்குள் என்ன என்று கேட்டார். முயல், கண்ணில் தண்ணீர் வடிகிறது, ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றேன். அவர் அங்கே தொடங்கிய சிரிப்பை மலை ஏறி முடியும்வரை நிறுத்தவில்லை.

ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் இடம் நாய்களால் நிறைந்திருந்தது. முயல் பயத்திலேயே செத்துப்போகும் என்று கேள்விப்பட்டிருந்ததால், கூடையை மடியில் வைத்து அபாயாவால் போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பதிவு செய்யும் பெண் என் பெயரைக் கேட்டாள். என் பெயர் ஹவ்வா உம்மா. என்ன மிருகம் என்று கேட்டாள். முயலுக்குச் சிங்களத்தில் ஹாவா. அவள் என்னையும் கூடையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு உள்ளேயிருந்து "ஹாவா" என்று கூப்பிட்டபோது, யாரைக் கூப்பிட்டாலும் சரிதான் என்று எழுந்து போனேன்.

டொக்டர் ஒரு சிங்களப் பெண், என் வயது இருக்கும். எனக்குத் தெரிந்த சிங்களம் கொழும்பில் துணி வாங்கப் போய்ப் பழகிய சிங்களம். கெஜம் என்ன விலை, சாயம் போகுமா, குறைக்க முடியாதா, இவ்வளவுதான் சரளமாக வரும். அவர் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அவர் முதலில் கண்ணைப் பார்க்கவே இல்லை. தாடையின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போனார். ஒரு இடத்தில் பஞ்சு உதறியது.

"இது எப்போது சாப்பிடும்?"

நோன்பு என்பதற்கு உரிய சிங்களச் சொல் அந்த நேரத்தில் என் வாயில் வரவே இல்லை. கையிலிருந்த சொற்களைக் கொண்டுதான் சொல்ல வேண்டியிருந்தது.

"பகலில் சாப்பிடாது" என்றேன். "இரவில் கஞ்சி. வேறொன்றும் இல்லை."

டொக்டரின் பேனா நின்றது.

"எவ்வளவு நாளாக?"

"இந்த மாதம் பிறந்ததிலிருந்து."

"அது நோய் என்று யாருக்கும் தோன்றவில்லையா?"

பாங்கு, துஆ, வீடியோ, வந்து பார்த்துவிட்டுப் போன சனங்கள், இதையெல்லாம் துணிக்கடைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வது?

"நல்ல முயல் என்று நினைத்தோம்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அதற்காக இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

அவர் தாளில் படம் வரைந்து விளக்கியதை எனக்கு விளங்கிய மாதிரியே சொல்கிறேன். கண்ணில் ஊறும் தண்ணீர் வெளியே போக ஒரு வழி இருக்கிறது. கண்ணின் உட்கோடியில் ஒரு சின்னத் துளை, அங்கிருந்து ஒரு மெல்லிய குழாய், அது மூக்குக்குள் போய்த் திறக்கும். நமக்குக் கண்ணுக்கு இரண்டு துளை, முயலுக்குக் கீழிமையில் ஒன்றே ஒன்றுதான். அந்தக் குழாய் மேல்வாய்ப் பற்களின் வேரை ஒட்டி வளைந்து போகிறது. முயலின் பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். நார் உள்ள புல்லை நாள் முழுக்க அரைத்தால்தான் அது தேயும். பாணும் பிஸ்கட்டும் தின்றால் தேயாது. தேயாத பல் மேலேயும் நீளும், வேர்ப்பக்கமும் நீளும். வேர் குழாயை நெரிக்கும், தண்ணீர் கண்ணால் வழியும், தேங்கிய இடத்தில் சீழ் பிடிக்கும். நீண்ட பல்லின் முனை நாக்கைக் கிழிக்கும்.

அதாவது, பசித்துப் பசித்து, கடிக்க முடியாமல் கூட்டில் புல்லைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது. பாங்கு சொன்னால் மெதுவான சாப்பாடு வரும் என்று பழகியிருக்கிறது. நாங்கள் அதைச் சுற்றி நின்று மாஷா அல்லாஹ் சொல்லியிருக்கிறோம். எல்லோரும் கண்ணையே பார்த்தோம். ஒருவரும் வாயைப் பார்க்கவில்லை.

சோதனைக்குக் கண்ணில் பச்சை மஞ்சளாக ஒரு சாயம் விட்டார்கள். பாதை திறந்திருந்தால் சாயம் மூக்கால் வரும். இடது பக்கம் வந்தது. வலது பக்கம் கன்னத்தால் வழிந்து என் சட்டைக் கையில் ஒட்டியது, இன்னும் போகவில்லை. எக்ஸ்ரேயில் வேர்கள் குழாயின் பாதையில் முட்டிக்கொண்டு நின்றன.

"இது ஒரு மாதத்து வேலை இல்லை" என்றார் டொக்டர். "வெகு நாளாக வளர்ந்தது."

மயக்கி, பல்லை அராவி, குழாயைக் கழுவ வேண்டும். ஆனால் இந்த உடம்போடு மயக்க மருந்து தாங்காது, முதலில் சாப்பிட வைத்துத் தேற்ற வேண்டும் என்று வார்ட்டில் வைத்துக்கொண்டார்கள். பார்க்க விடும் நேரமெல்லாம் நான் அங்கே இருந்தேன். பச்சைத் தூளைத் தண்ணீரில் குழைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் ஏற்றி, வாயின் ஓரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்ட வேண்டும். அவசரப்பட்டால் மூச்சில் ஏறிவிடும். மதிய வெயிலில் தொண்டை காய்ந்துபோய், நோன்போடு உட்கார்ந்து, இன்னொரு உயிருக்கு நடுப்பகலில் ஊட்டிக்கொண்டிருந்தேன். என் கையெல்லாம் பச்சை. அது ஒவ்வொரு துளியையும் விழுங்கும்போது தொண்டை அசைவதை எண்ணாத குறையாகப் பார்த்தேன்.

சத்திர சிகிச்சைக்கு முந்திய நாள், முதல்நாள் இரவிலிருந்து மிருகங்களுக்கு உணவு கொடுக்கக்கூடாது என்று சுவரில் மூன்று மொழியிலும் எழுதியிருந்ததைக் காட்டிக் கேட்டேன்.

"அது நாய்க்கும் பூனைக்கும்" என்றார் டொக்டர். "முயலுக்கு வாந்தி வராது. அதனால் பயமில்லை. வயிறு காலியானால்தான் பயம். குடல் நின்றுபோகும். மயக்கம் கொடுக்கும் நேரம்வரை சாப்பிட வேண்டும்."

நாய்களும் பூனைகளும் பட்டினி இருக்கிற இடத்தில்கூட முயலுக்கு விலக்கு இருந்தது. எங்கள் வீட்டில்தான் இல்லாமல் போனது.

பிறகு சம்மதக் கையெழுத்துக் கேட்டார்கள். சில முயல்கள் மயக்கத்திலிருந்து எழும்புவதில்லையாம். பேனாவைக் கையில் எடுத்தேன், வைத்துவிட்டேன். அடுத்தவளின் பொருளுக்கு நான் எப்படிக் கையெழுத்து வைப்பது? வெளியே வந்து வீட்டுக்காரருக்குப் போன் எடுத்தேன்.

"மச்சான், சபீனாட்ட சொல்லணும்."

"இப்ப வேணாம்கா. எழும்பட்டும். மறுகா சொல்லுவம்."

"எழும்பல்லண்டா?"

போனை வைத்துவிட்டு சபீனாவுக்கு எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஈரக் கண்ணை, மறைத்துக் காட்டிய வீடியோவை, சீழை, பல்லை. அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். மறுபக்கம் விம்மல்தான் கேட்டது.

"ராத்தா, கோவிக்காதங்க. அந்தக் கண் நான் இஞ்ச வாறத்துக்கு முன்னமே அப்பிடித்தான்."

"என்ன சொல்றா நீ?"

"சொன்னா நீங்க எடுக்கமாட்டீங்க எண்டு பயம். ஒங்களுக்குத் தரக்குள்ள நல்லாத் தொடச்சிட்டுத்தான் தந்தன்."

எனக்கு உச்சந்தலை கொதித்தது. அவள் துடைத்துத் தந்திருக்கிறாள், நான் துடைத்துத் துடைத்து அவளுக்கே காட்டியிருக்கிறேன்.

"அப்ப வீடியோவுல நான் ஒரு பக்கத்தையே காட்டக்குள்ள ஒனக்கு ஒண்டும் விளங்கல்லயா?"

"விளங்கிச்சி ராத்தா. கேட்டா நான் மறைச்சதும் வெளிய வருமே எண்டுதான் கேக்கல்ல."

அவ்வளவு தூரத்தில் இருந்தது அவளுக்கு நல்லதாய்ப் போயிற்று. பக்கத்தில் இருந்திருந்தால் அடித்திருப்பேன். எத்தனை பின்னேரம் இரண்டு பேரும் ஒரே கண்ணைப் பற்றித் தெரிந்துகொண்டே சிரித்துச் சிரித்துக் கதைத்திருக்கிறோம். நடுவில் அந்தச் சீவன் வலியோடு இருந்திருக்கிறது.

"கையெழுத்து வைக்கவா?" என்றேன். குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது.

"வையிங்க ராத்தா. அமானிதத்தில பிழை செஞ்சது நான்தான்."

"அதப் பொறகு பங்கு பிரிப்பம்" என்று சொல்லிவிட்டுப் போய்க் கையெழுத்து வைத்தேன்.

சிகிச்சை நடந்த நேரம் முழுக்க நாய்களுக்கு நடுவே வெறுங்கூடையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். நான் தங்கியிருந்த முதலாளி வீட்டுப் பெண், அவள் பேச்சில் பாதி எனக்கும் என் பேச்சில் பாதி அவளுக்கும் விளங்காவிட்டாலும், வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எனக்குத் தனியாக இடியப்பம் அவித்துத் தந்தவள், பஞ்சுவின் துணிகளைக் கேட்காமலே துவைத்துப் போட்டவள். அன்றைக்கு அவள் வந்து இருந்ததே பெரிய உதவி.

டொக்டர் வெளியே வந்து ஒரு வெள்ளைத் துணித் துண்டைக் காட்டினார். குழாயைக் கழுவியபோது பற்பசை மாதிரிக் கெட்டியாக மூக்கால் வந்த சீழ் அதில் இருந்தது. பஞ்சு எழும்பியிருந்தது. நான் அல்ஹம்துலில்லாஹ் சொல்லி முடிக்கும் முன்பே அவர் அடுத்ததைச் சொன்னார். வேர் நீண்டது நீண்டதுதான். குழாய் இனி முழுசாகத் திறக்காது. அந்தக் கண் ஆயுள் முழுக்கக் கொஞ்சம் வடியும். தினமும் துடைக்க வேண்டும், பல்லை அடிக்கடி காட்ட வேண்டும், மறுபடி அடைத்தால் மறுபடி கழுவ வேண்டும். இவ்வளவு பாடும் பட்டு, வடிகிற கண்ணோடுதான் திரும்பி வந்தேன். ஒரே வித்தியாசம், ஏன் வடிகிறது என்று இப்போது தெரியும்.

பெருநாள் முடிந்துவிட்டது. அபாயாத் தைக்கத் தந்தவர்களில் பாதிப்பேர் துணியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள், ஒரு முசலுக்காக என்று சொல்லிக்கொண்டே போனார்கள். வீட்டுக்காரர் அந்த வீடியோவை அழித்துவிட்டார். வயல் வரம்பில் கிடக்கிற புல்லெல்லாம் மருந்தடித்த புல். அதனால் அவர் வீரமுனைப் பக்கம் வயல்காரப் போடியார் ஒருவரிடம் கேட்டு, மருந்து படாத வரம்பாகத் தேடிப் போய் அறுத்துக்கொண்டு வருகிறார். கிணற்றடியில் குந்தியிருந்து ஒவ்வொரு பிடியாக அலசுகிறார். நெல்லுக்குக்கூட இவ்வளவு பார்த்ததில்லை.

பெருநாளுக்குப் பிறகு பிடிக்கிற ஆறு நோன்பில் ஒரு நடுப்பகல் சபீனா கூப்பிட்டாள். நான் பஞ்சுவைத் தூக்கவில்லை. போனைக் கூட்டுக்குப் பக்கத்தில், வலது கண் நேராகத் தெரிகிற மாதிரி வைத்தேன். ஈரம் பளிச்சென்று தெரிந்தது. அவள் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து ஹலீமா சாச்சி வேலியால் எட்டிப் பார்த்தார்.

"என்னகா, பஞ்சு ஆறு நோம்பு பிடிக்கல்லயா?"

"அது பகல்ல தின்னும் சாச்சி" என்றேன். "வந்து பாருங்க."

அவர் வந்து பக்கத்தில் குந்தினார். பஞ்சு ஒரு தடித்த புல்தண்டின் நுனியைப் பிடித்தது. தாடை பக்கவாட்டில் அசைந்தது. கறுக் என்று ஒரு சத்தம், பிறகு இன்னொன்று. போனுக்குள்ளிருந்து சபீனா, "சத்தம் கேக்குது ராத்தா" என்றாள். அந்தத் தண்டு முழுவதும் வாய்க்குள் போய் முடியும்வரை, நோன்போடு இருந்த நானும் சாச்சியும் பார்த்துக்கொண்டிருந்தோம்.